நியூ ஜெர்சி தனிநபர் மருத்துவக் காப்பீடு: மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்புரை

2021-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பல ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனத்தை விட்டு விலகி, சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கும் தொழிலை வீட்டிலிருந்தே தொடங்கினேன். அதுவரை மருத்துவக் காப்பீடு என்பது என் சம்பளச் சீட்டில் ஒரு வரியாக மட்டுமே இருந்தது. விலகிய சில வாரங்களில், வேலையை விட்டவர் பழைய காப்பீட்டைத் தொடர வகை செய்யும் ‘கோப்ரா’ சட்டத்தின்படி ஒரு கடிதம் வந்தது. பழைய காப்பீட்டையே 18 மாதம் வரை தொடரலாம் என்றும், ஆனால் நிறுவனம் எனக்காகச் செலுத்திவந்த பங்கையும் நானே ஏற்று, அதன்மேல் நிர்வாகச் செலவாக 2 சதவீதமும் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஒரு குடும்பத்துக்கான காப்பீட்டின் முழு விலை என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த விலையைத் தாங்க முடியாது என்பதால், மாநில அரசு நடத்தும் ‘கெட் கவர்ட் நியூ ஜெர்சி’ சந்தையில் எனக்கும் என் கணவருக்கும் 2022 முதல் ஒரு ‘சில்வர்’ திட்டத்தை வாங்கினேன். மூன்று ஆண்டுகள் முழுதாக முடிந்து, 2025-இல் நான்காம் ஆண்டும் நடந்தது.

காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இந்தச் சந்தையில் எந்த நிறுவனம் விற்றாலும் திட்டத்தின் எலும்புக்கூடு சட்டத்தால் வகுக்கப்பட்டதுதான். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது டாக்டர்களின் பட்டியலும், தொலைபேசியில் பேசுபவர்களின் பொறுமையும், விலையில் ஓரளவும் மட்டுமே. ஆகவே நான் மதிப்பிட விரும்புவது அந்த எலும்புக்கூட்டைத்தான். நிறுவனத்தின் சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

வாங்கும் முறையில் குறை சொல்ல ஏதுமில்லை. உடல்நிலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் கணவருக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. 2014-க்கு முன்பு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இவரைப் போன்ற ஒருவர் தனிநபர் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தால் மறுத்துவிடவோ, இருக்கும் நோய்க்கு மட்டும் பாதுகாப்பு கிடையாது என்று எழுதிக்கொடுக்கவோ முடிந்தது. 2010-இல் நிறைவேறிய கட்டுப்படியாகும் மருத்துவப் பராமரிப்புச் சட்டம், அதாவது எல்லாரும் ஒபாமாகேர் என்று சொல்லும் சட்டம், அதை 2014 முதல் தடை செய்தது. வயது, வசிக்கும் பகுதி, குடும்ப அளவு, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் வைத்து விலையை மாற்றக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். நியூ ஜெர்சியில் புகையிலைக்கும் கூடுதல் விலை வைக்க அனுமதி இல்லை. வருமானம், வயது, குடும்பத்தினர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிந்தவுடன் மானியம் கழிந்த விலை திரையில் வந்துவிட்டது.

‘சில்வர்’ என்பதற்குத் தரம் என்று பொருளல்ல. சராசரியாகப் பார்த்தால், மருத்துவச் செலவில் சுமார் 60 சதவீதத்தைத் திட்டம் ஏற்றால் பிரான்ஸ் (அதாவது வெண்கலம்), 70 என்றால் சில்வர், 80 என்றால் கோல்டு, 90 என்றால் பிளாட்டினம். முதல் ஆண்டில் என் தொழில் வருமானம் மிகக் குறைவாக இருந்தது. கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் வருமானம் இருப்பவர்களுக்கு டிடக்டிபிளையும் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டும் தொகை) கோபேயையும் (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு) குறைத்துத் தரும் சலுகை சில்வர் திட்டத்தில் மட்டுமே கிடைக்கும். பிரீமியம் குறைவு என்பதற்காகப் பிரான்ஸை எடுத்துவிட்டு இந்தச் சலுகையை இழந்தவர்கள் சிலரை என் வாடிக்கையாளர்களிலேயே பார்த்திருக்கிறேன். வருமான எல்லைக்குள் இருப்பவர்கள் இதை மட்டுமாவது கவனிக்க வேண்டும்.

முதல் ஆண்டு முழுவதும் நாங்கள் பயன்படுத்தியது வருடாந்தரப் பரிசோதனையும், ரத்தப் பரிசோதனைகளும், கணவரின் மாத்திரைகளும்தான். டிசம்பரில் கணக்குப் பார்த்தபோது, கட்டிய பிரீமியத்தில் பெரும்பகுதி ‘வீணாகப் போய்விட்டது’ என்று எனக்கே தோன்றியது. கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருத்திக்கு அப்படித் தோன்றியதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அது கணக்குப்படியே பிழை. நம்மில் பலர் காப்பீட்டைச் சீட்டுப் பணம்போல நினைக்கிறோம். சீட்டில் சேர்ந்த ஒவ்வொருவரும் என்றாவது ஒரு மாதம் சீட்டை எடுத்துவிடுவார்கள். ஏலத்தில் தள்ளிய கழிவு போனாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். இடர்த்தொகுப்பு, அதாவது காப்பீட்டுக்காரர்கள் ‘ரிஸ்க் பூல்’ என்பது, அப்படி இயங்குவதில்லை. அமெரிக்க மக்களை மருத்துவச் செலவின் வரிசையில் நிறுத்தினால், மேலே உள்ள 5 சதவீதம் பேர் ஓராண்டின் மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். கீழே உள்ள 50 சதவீதம் பேர் எல்லாருமாகச் சேர்ந்து எடுப்பது சுமார் 3 சதவீதம்தான். எந்த ஆண்டிலும் பாதிப்பேர் ஏறக்குறைய ஒன்றும் எடுக்காமல் போவதால்தான், எடுக்க நேர்ந்தவர்களுக்குக் கொடுக்க முடிகிறது. அடுத்த ஆண்டு அந்த 5 சதவீதத்தில் யார் இருப்பார்கள் என்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது என்பதே நல்ல உடல்நிலையில் உள்ளவரும் சேர்வதற்குக் காரணம்.

எங்களுக்கு அது இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்தது. 2023 மே மாதத்தில் ஒரு இரவு என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி விதித்த கட்டணம் ஆறு இலக்கத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஒருவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகைக்குச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு 9,100 டாலர். எங்கள் திட்டத்தின் வரம்பு அதைவிடச் சற்றுக் குறைவு. அந்தத் தொகையைக் கட்டி முடித்த பிறகு ஆண்டு முடியும்வரை நெட்வொர்க்குக்குள் (அதாவது நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள மருத்துவர்களிடமும் ஆஸ்பத்திரிகளிலும்) அவருக்குச் செய்த சிகிச்சை எதற்கும் எங்களிடம் பணம் கேட்கவில்லை. முந்தைய டிசம்பரில் நான் வீணென்று எழுதிய பிரீமியம் வேறு யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தது; இந்த மே மாதத்தில் முகம் தெரியாத பலரின் பிரீமியம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

சேவையைப் பற்றிய என் குறையும் இந்தச் சிகிச்சையைச் சார்ந்ததுதான். ஸ்டென்ட் வைத்த பிறகு தொடர்ந்து பார்க்க வேண்டிய இதய மருத்துவரை நிறுவனத்தின் இணையப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தோம். மூன்று முறை சென்ற பிறகு, அவர் நெட்வொர்க்கில் இல்லை என்று சொல்லி முழுக் கட்டணத்துக்கும் பில் வந்தது. அந்த மருத்துவர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே விலகிவிட்டாராம். பட்டியல் மட்டும் மாறவில்லை. தொலைபேசியில் பேசிய நால்வரும் நான்கு விதமாகப் பதில் சொன்னார்கள். 2022 முதல் நடைமுறையில் உள்ள ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டத்தின்படி, நிறுவனம் வெளியிட்ட பட்டியலை நம்பி ஒருவர் சென்றிருந்தால், பட்டியல் தவறாக இருந்தாலும் நெட்வொர்க்குக்குள் உள்ள கட்டணத்தை மட்டுமே அவரிடம் கேட்கலாம். முதல் சந்திப்புக்கு முன்பு அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்சிட்டு வைத்திருந்ததால், அதை இணைத்து எழுத்தில் மேல்முறையீடு செய்தேன். நான்கு மாதம் கழித்துப் பில் திருத்தப்பட்டது. அச்சிட்டு வைக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று இன்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது. நிறுவனம் மறுத்திருந்தால் மாநிலத்தின் வங்கி மற்றும் காப்பீட்டுத் துறையிடம் புகார் செய்திருக்கலாம். மருத்துவத் தேவை இல்லை என்று சொல்லிச் சிகிச்சையையே மறுக்கும் வழக்குகளில் சுதந்திரமான வெளி மறுஆய்வு கோரும் உரிமையும் உண்டு. இந்த உரிமைகள் நல்லவை. ஆனால் நோயாளியின் வீட்டில் யாராவது ஒருவருக்குக் கடிதம் எழுத நேரமும் தெம்பும் இருந்தால்தான் அவை பயன்படும்.

இப்போது, இந்தத் திட்டத்தின் விலைக்கும் நிலைப்புக்கும் அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன். நான் இதை விரிவாக எழுதக் காரணம் என் தம்பி மகன். அவனுக்கு 2025-இல் 26 வயது நிறைந்தது. பெற்றோரின் காப்பீட்டில் தொடரும் காலம் அத்துடன் முடிந்துவிட்டது. அவனுடைய வேலை ஒப்பந்த முறையிலானது, காப்பீடு கிடையாது. “அத்தை, நான் டாக்டர்கிட்ட போயே மூணு வருஷம் ஆச்சு. மாமா ஸ்டென்ட்டுக்கு நான் ஏன் பணம் கட்டணும்? கட்டலேன்னா அபராதம்னு வேற சொல்றாங்க” என்று கேட்டான். கேள்வி நியாயமானது, அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நான் ஒதுக்கவில்லை.

நியூ ஜெர்சிக்கு இந்தக் கேள்வியில் நீண்ட அனுபவம் உண்டு. ஒபாமாகேருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1992-இல் இயற்றிய சட்டத்தின் மூலம், 1993 முதல் இந்த மாநிலம் தனிநபர் காப்பீட்டில் யாரையும் மறுக்கக் கூடாது என்றும், நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் ஒரே விலை என்றும் விதித்தது. ஆனால் எல்லாரும் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்றைய அளவிலான மானியமும் இல்லை. 1995 முடிவுக்கும் 2001 முடிவுக்கும் இடையில் அந்தச் சந்தையில் இருந்தவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. பிரீமியம் ஏறிக்கொண்டே போனது. மிஞ்சியவர்களின் சராசரி வயது கூடியது. மருத்துவச் செலவின் ஏற்றம், அந்த ஆண்டுகளில் வேலைவாய்ப்பு பெருகியதால் பலர் நிறுவனக் காப்பீட்டுக்கு மாறியது ஆகியவையும் காரணங்களாக இருந்தன. ஆனால் விலை ஏறும்போது முதலில் வெளியேறுபவர் ஆரோக்கியமானவரே என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்க முடிந்தது. அதே காலத்தில் நியூயார்க்கும் அதே பாதையில் சென்று அதே விளைவைக் கண்டது.

தம்பி மகனுக்கு இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பத்துப் பேர் இருக்கிறார்கள். ஓராண்டில் அவர்களுக்கு எதிர்பார்க்கும் செலவு முறையே 1,000 டாலர், 2,000 டாலர் என்று 10,000 டாலர் வரை. எல்லாரும் சேர்ந்தால் சராசரி 5,500. தன் எதிர்பார்ப்புச் செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை போனால் ஒருவர் விலகிவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். 1,000-காரரும் 2,000-காரரும் விலகுவார்கள். மீதி எட்டுப் பேரின் சராசரி 6,500 ஆகும். இப்போது 3,000-காரருக்கும் அது இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதால் அவரும் போவார். சராசரி 7,000 ஆகும். அடுத்தவர் 4,000-காரர், அவருக்கு 7,000 என்பது இரண்டு மடங்குக்குள்தான் இருப்பதால் அவர் தங்குவார், சரிவு அங்கே நிற்கும். மரணச் சுழல் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் பல சமயம் தொகுப்பு சாவதில்லை, சுருங்கி, விலை கூடி, நோயாளிகளின் சங்கமாக நின்றுவிடுகிறது. நியூ ஜெர்சியின் பழைய சந்தைக்கு நடந்தது இதுதான் என்பது என் கருத்து. அது உயிரோடுதான் இருந்தது. ஆனால் என் போன்ற ஒருத்தியால் அதில் சேர்ந்திருக்க முடியாது.

நோயாளியை மறுக்காதே என்ற விதியைச் சட்டத்தில் எழுதியவுடன், காத்திருந்து நோய் வந்த பிறகு சேரலாம் என்ற வாய்ப்பும் கூடவே பிறந்துவிடுகிறது. அதை அடைக்கப் பல வழிகள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சேரும் காலத்தைத் திறப்பது ஒன்று. நியூ ஜெர்சியில் 2025-ஆம் ஆண்டுத் திட்டங்களுக்கு அது நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை இருந்தது. மானியத்தால் விலையை இறக்குவது இன்னொன்று. சேராதவரிடம் அபராதம் வாங்குவது மூன்றாவது. 2006-இல் மாசசூசெட்ஸ் மானியத்தையும் அபராதத்தையும் சேர்த்துச் செய்தது. அந்த வடிவமே நாட்டுச் சட்டமானது. கூட்டாட்சி அபராதம் 2014-இல் 95 டாலர் அல்லது வருமானத்தில் 1 சதவீதம் என்று தொடங்கி, 2016-இல் 695 டாலர் அல்லது 2.5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது என்ற நிலைக்கு வந்தது.

இந்தக் கட்டாயத்தைப் பற்றிய விவாதத்தின் மையம் பணம் மட்டுமல்ல. ஒன்றும் செய்யாமல் இருக்கும் குடிமகனை ஒரு பொருளை வாங்கு என்று அரசு கட்டளையிட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2012 ஜூன் 28 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பில், வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் அப்படிக் கட்டளையிட முடியாது, ஆனால் வாங்காதவர்மீது வரி விதிக்கும் அதிகாரம் உண்டு என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம் அந்த அபராதத்தை 2019 முதல் பூஜ்ஜியமாக்கியது. அவ்வாறு செய்தால் பத்தாண்டுகளில் 1.3 கோடிப் பேர் காப்பீட்டை விடுவார்கள், பிரீமியம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வரவு செலவுத் திட்ட அலுவலகம் கணித்திருந்தது. சந்தை அப்படிச் சரியவில்லை என்பதைக் கட்டாயத்தை ஆதரிக்கும் நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். 2021-இல் மானியம் உயர்ந்த பிறகு சந்தை வளர்ந்தது. 2025-க்குச் சேர்ந்தவர்கள் நாடு முழுவதும் 2.4 கோடிக்கு மேல். என் தாளில் உள்ள 1,000-காரரையும் 2,000-காரரையும் உள்ளே வைத்திருப்பதற்கு அபராதத்தைவிட மானியமே வலுவான கயிறு என்றுதான் இதிலிருந்து எனக்குப் படுகிறது.

அப்படியானால் மாநில அபராதம் தேவையா? அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபி 2018 மே மாதம் கையெழுத்திட்ட சட்டத்தால், கூட்டாட்சி அபராதம் மறைந்த அதே 2019 ஜனவரியில் நியூ ஜெர்சியின் அபராதம் தொடங்கியது. அளவு பெரும்பாலும் பழைய கூட்டாட்சிக் கணக்கைப் பின்பற்றியது. மாநிலத்தின் சராசரி பிரான்ஸ் பிரீமியமே அதன் உச்சவரம்பு. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, அபராதமாக வரும் பணத்தை மறுகாப்பீட்டுக்குப் பயன்படுத்த வகை செய்தது. பெருந்தொகைக் கிளெய்ம்களின் ஒரு பகுதியை அந்த நிதி ஏற்றுக்கொள்வதால், தொகுப்பிலுள்ள மற்றவர்களின் பிரீமியம் குறைகிறது. விலகி நிற்பவர் தொகுப்புக்கு உண்டாக்கும் இழப்பில் ஒரு சிறு பங்கையாவது தொகுப்புக்கே திருப்பித் தருகிறார் என்பது எனக்கு நேர்மையான ஏற்பாடாகத் தோன்றுகிறது.

தம்பி மகன் பக்கத்தில் இருக்கும் நியாயத்தையும் மறைக்கக் கூடாது. 64 வயதுக்காரரின் சராசரி மருத்துவச் செலவு இருபதுகளில் இருப்பவருடையதைப்போல ஏறத்தாழ 5 மடங்கு. ஆனால் சட்டம் விலையில் 3 மடங்கு வித்தியாசத்தை மட்டுமே அனுமதிக்கிறது. ஆகவே இளைஞர்கள் தங்கள் கணக்குக்கு மேல் கட்டுகிறார்கள் என்பது உண்மை. மானியம் கிடைக்கும் வருமானத்தில் இருப்பவருக்கு இது உறைப்பதில்லை. மானிய எல்லைக்கு வெளியே இருக்கும் இளைஞருக்கு நன்றாகவே உறைக்கும். இதற்கு எதிராக நான் வைப்பது இரண்டு. முதலாவது, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைக் காப்பீடு இல்லை என்பதற்காக ஆஸ்பத்திரி திருப்பி அனுப்ப முடியாது; பைக்கில் விழுந்து இரவு இரண்டு மணிக்கு வருபவனின் பில்லை அவன் கட்டாவிட்டால் வேறு யாரோ சுமக்கிறார்கள். இரண்டாவது, அவனும் 50 வயதை அடைவான். அன்று அவனுக்காகக் கட்ட 26 வயதுக்காரர்கள் இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகளைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் அவை வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை. ஒரு நிறுவனம் மாநிலத்தில் விற்கும் எல்லாத் தனிநபர் திட்டங்களையும் ஒரே தொகுப்பாகவே கணக்கிட வேண்டும். ஆரோக்கியமானவர்களைப் பிரான்ஸ் திட்டத்தில் தனியாக ஒதுக்கி, நோயாளிகளின் கோல்டு திட்டத்துக்கு அவர்களுடைய செலவுக்கேற்ப விலை ஏற்ற முடியாது. நோயாளிகள் குறைவாக உள்ள நிறுவனத்திடமிருந்து பணம் எடுத்து, அதிகமாக உள்ள நிறுவனத்துக்குக் கொடுக்கும் இடர்ச் சரிக்கட்டலும் உண்டு. என் கணவரைப் போன்றவரை வாடிக்கையாளராகப் பெறுவது நிறுவனத்துக்கு நஷ்டமாக இருக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். தவிர, தனிநபர் பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சிகிச்சைக்கும் தரமேம்பாட்டுக்கும் செலவிடாத நிறுவனம் அதில் குறையும் தொகையை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டும்.

தம்பி மகன் கடைசியில் பிரான்ஸ் திட்டம் ஒன்றை எடுத்தான். பழைய காப்பீட்டை இழந்தவருக்குக் கிடைக்கும் 60 நாள் சிறப்புச் சேர்க்கைக் காலம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது எடுத்தான். அபராதத்தையும் மானியம் போக மிஞ்சும் பிரீமியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்ததில், வித்தியாசம் அவன் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று அந்த டாக்டர் பட்டியலுக்காக. இந்த மதிப்பு 2025 இறுதி வரைக்குமானது. 2021-இல் உயர்த்தி, பிறகு நீட்டித்த கூட்டாட்சி மானியம் 2025 முடிவோடு நின்றுவிட்டது. மாநிலம் தன் பங்குக்குத் தரும் மானியம் அந்தப் பள்ளத்தை முழுதாக நிரப்பாது. ஒவ்வோர் ஆண்டும் புதிய விலைகள் வரும்போது, என்னுடைய விலையைப் பார்த்த கையோடு 26 வயதுக்காரரின் விலையையும் பார்க்கப் போகிறேன், ஏனெனில் அது ஏறினால் அடுத்த ஆண்டு என்னுடையது இன்னும் ஏறும்.